தண்ணீருக்குள் போய் வந்த புகை

கெய்ரோவின் பழைய நகரத்தில் காபிக்கடையை அஹ்வா என்பார்கள். காபிக்கும் அதே பெயர்தான். சாயங்காலமானால் கண்ணாடித் தம்ளரில் டீயும், தாயக்கட்டை உருளும் தவ்லாப் பலகையும், நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் நிற்கும், தண்ணீர் வழியாகப் புகையிழுக்கும் ஹூக்காவான ஷீஷாவுமாகக் கடை களைகட்டிவிடும். ஒரு கையில் தணல் சட்டி, மறு கையில் இடுக்கியோடு கடைப்பையன் வருவான். கங்கு ஒன்றை எடுத்து, தட்டிச் சாம்பலை உதிர்த்து, மண்கிண்ணத்தின் மேல் வைப்பான். உட்கார்ந்திருப்பவர் நீளக் குழாயை ஓர் இழுப்பு இழுத்ததும் கீழே குடுவையில் குபுகுபுவென்று சத்தம் கேட்கும்.

அந்தச் சத்தம்தான் பலரை ஏமாற்றுகிறது. புகை தண்ணீரில் கழுவப்பட்டுச் சுத்தமாகி வருகிறது என்ற நம்பிக்கை, ஷீஷா இருக்கும் ஊரிலெல்லாம் இருக்கிறது.

ஷீஷாவின் வேலை எளிமையானது. ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, மூடியில் இரண்டு ஓட்டை போட்டு, இரண்டு ஸ்ட்ராக்களைக் காற்றுப் புகாதபடி செருகுங்கள். ஒன்றின் நுனி தண்ணீருக்குள் இருக்க வேண்டும், மற்றது தண்ணீருக்கு மேலேயே நிற்க வேண்டும். மேலே நிற்கும் ஸ்ட்ராவை உறிஞ்சினால் பாட்டிலுக்குள் காற்றழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட, வெளிக்காற்று மற்ற ஸ்ட்ரா வழியாக இறங்கித் தண்ணீருக்குள் குமிழியிடும். குழல் 4 சென்டிமீட்டர் ஆழம் மூழ்கியிருந்தால், வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 250இல் ஒரு பங்கு குறைத்தாலே போதும், குமிழி வந்துவிடும். அதற்கு ஒரு குழந்தையின் மூச்சே போதும்.

ஷீஷாவில் அந்த வெளிக்காற்று கரியைத் தாண்டி, சூடேறி, புகையிலை வழியாக இறங்குகிறது. கிண்ணத்தில் இருப்பது முஅஸ்ஸல். 'தேன் சேர்த்தது' என்று பொருள். புகையிலையோடு பாகும் கிளிசரினும் பிசைந்து ஈரமாக இருக்கும், அதனால் தானாகப் பற்றி எரியாது. இழுக்கும்போது சிகரெட் நுனி 900 டிகிரி செல்சியஸை நெருங்கும். முஅஸ்ஸல் அதைவிட மிகக் குறைந்த சூட்டில் வேகிறது. மேலே கரி கனன்றுகொண்டே இருந்தால்தான் அதிலிருந்து புகை வரும்.

எகிப்தில் இதற்கு ஓர் ஏழைத் தம்பி உண்டு, கோஸா. அந்தப் பெயருக்குக் கொட்டை என்று பொருள். அடியில் கண்ணாடிக் குடுவைக்குப் பதில் கொட்டாங்குச்சி, நடுவில் நாணல் குழல். அரபியில் தேங்காய்க்கு 'இந்தியக் கொட்டை' என்றே பெயர். துருக்கியில் ஷீஷாவை நர்கிலே என்கிறார்கள், அது பாரசீகம் வழியாகப் போன நம் 'நாரிகேளம்' (தேங்காய்) தான். இன்னொன்று, எகிப்து 1890இலேயே தன் மண்ணில் புகையிலைப் பயிரைத் தடை செய்துவிட்டது. அதனால் அங்கே கிண்ணத்தில் விழும் இலை வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

சரி, தண்ணீர் என்னதான் செய்கிறது? குமிழி ஒன்று ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இருக்கும். கால் நொடிக்குள் மேலே வந்து உடைந்துவிடும். தண்ணீரைத் தொடுவது குமிழியின் தோல் மட்டும்தான், நடுவில் இருக்கும் புகைக்கு ஈரமே படாது. புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சிறியவை. அந்தக் கால் நொடியில் அவை தாமாக நகரும் தூரம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை.

வேதியியல் கூடத்திலும் வாயுவைக் கழுவ இதே மாதிரிக் குடுவைதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நன்றாகக் கழுவ வேண்டுமென்றால் குழலின் நுனியில் நுண்துளைக் கண்ணாடித் தட்டு ஒன்றைப் பொருத்துவார்கள். குமிழி ஒரு மில்லிமீட்டராகச் சிறுத்தால், அதே அளவு வாயு தண்ணீரைத் தொடும் பரப்பு பத்து மடங்காகிவிடும். ஷீஷாவில் அந்தத் தட்டு இல்லை.

கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு இன்னும் மோசம். ஒரு லிட்டர் தண்ணீரில் அது 30 மில்லிகிராம்கூடக் கரையாது, வந்த வழியே நுரையீரலுக்குப் போய்விடும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். மூடிய அறையில் சிலருக்கு வரும் தலைச்சுற்றல் புகையிலையின் கிறக்கம் மட்டுமல்ல, கரிப்புகை விஷமாகவும் இருக்கலாம்.

தண்ணீர் உண்மையாகவே செய்யும் வேலை ஒன்று உண்டு. புகையைக் குளிர வைத்து ஈரமாக்குகிறது. தொண்டை எரியாது, இருமல் வராது, மூச்சு ஆழமாக இறங்கும். சிகரெட்டில் ஓர் இழுப்பு 40 முதல் 75 மில்லிலிட்டர் என்றால், ஷீஷாவில் 150 மில்லிலிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போகும் என்று 2005இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஒரு முறை உட்கார்ந்தால் 20 முதல் 80 நிமிடம், 50 முதல் 200 இழுப்பு. மொத்தப் புகையின் அளவு நூறு சிகரெட்டையும் தாண்டலாம்.

கடை மூடும் நேரத்தில் குடுவையைக் கவிழ்த்தால் மஞ்சள் நீர் கொட்டும். "பார், அழுக்கெல்லாம் இதில் தங்கிவிட்டது" என்று காட்டுவார்கள். தங்கியது உண்மைதான். நிக்கோட்டினில் ஒரு பகுதி அதில்தான் கரைந்திருக்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் உடம்பு இன்னும் நாலு இழுப்பு கேட்கிறது. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பொறியாளர் ஆலன் ஷிஹாதே, மனிதனைப் போல ஷீஷா இழுக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். குழாயின் வாய்ப்பக்கத்தில், அதாவது தண்ணீரைத் தாண்டி வந்த புகையில், அவர் வைத்த வடிகட்டித் தாள்களில் தார் என்னும் புகைப்பிசுக்கு படிந்திருந்தது.