பழைய ஜீப்பை விற்கிறீர்களா? முதலில் ஆர்சி புக்கை எடுங்கள்

போன வருஷம் ஒரு வாடிக்கையாளர் கையில் சம்மனோடு பட்டறைக்கு வந்தார். "ஜீப்பை வித்து ஒன்றரை வருஷம் ஆச்சுண்ணே, எனக்கு ஏன் இது வருது?" என்று கேட்டார். அது மஹிந்திராவின் எம்எம் 540 மாடல். துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டி எடுத்து, புதிது வைத்து, நான்தான் முழுசாகச் செய்து கொடுத்திருந்தேன். நல்ல விலைக்கும் போனது. ஆனால் அவர், புரோக்கர் கேட்டார் என்று, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரை எழுதாமலே கொடுத்துவிட்டார். ஜீப் இரண்டு கை மாறி, இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓடி, ஒரு பைக்கில் மோதியிருக்கிறது. ஆர்சியில் இன்னும் இவர் பெயர்தான்.

இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2018-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி எத்தனை பேர் கைக்குப் போயிருந்தாலும் சரி, விபத்து நடந்த அன்று பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு. அதனால் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். வாங்குபவரின் பெயர், முகவரி எல்லாம் உங்கள் கண்ணெதிரே எழுதப்படட்டும். வண்டியை ஒப்படைக்கும்போது எழுதும் டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் குறியுங்கள். விற்ற 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது விற்பவரின் கடமை. வெளிமாநிலத்துக்குப் போகிற வண்டி என்றால் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) வேண்டும். பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்க்கும்வரை வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

அடுத்தது இன்ஜின். பழைய பெட்ரோல் ஜீப்புகள் பலவற்றில் மைலேஜ் கட்டுப்படியாகாமல் எப்போதோ டீசல் இன்ஜின் ஏற்றியிருப்பார்கள். ஆர்சியில் பெட்ரோல், பானெட்டைத் திறந்தால் டீசல்! 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டுமே, அப்போது சேசிஸில் (அடிச்சட்டத்தில்) பொறித்த நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, அதையும் இன்ஜின் நம்பரையும் ஆர்சியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அங்கே மாட்டிக்கொள்வது உங்களிடம் வாங்கியவர். அவர் நேராக உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று வந்தது. இன்ஜின் மாற்ற முன் அனுமதி வேண்டும். வண்டியின் நிறத்தை மாற்றினாலும் ஆர்சியில் ஏற்ற வேண்டும். ஜீப் என்றாலே ராணுவப் பச்சை அடித்துத் தரச் சொல்கிறார்கள். அந்த ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் உரியது, மற்றவர்கள் அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதியே இருக்கிறது. எவ்வளவு கேட்டாலும் நான் அடித்துத் தருவதில்லை.

மிகப் பழைய வண்டிகளுக்குத் தனியாகக் கொடுக்கிற வின்டேஜ் நம்பர் வாங்கிவிட்டால் விலை ஏறுமே என்று சிலர் கேட்கிறார்கள். 2021 விதிகளின்படி வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் முடியாது. டீசல் ஏற்றி, பவர் ஸ்டீயரிங் போட்ட ஜீப்பை வைத்துக்கொண்டு அந்த வழியை யோசிக்காதீர்கள்.

ஹரியானாவில் மண்டி டப்வாலி என்றொரு ஊர் ஜீப் கட்டுவதற்கே பேர்போனது. ஏலத்தில் எடுத்த உதிரிப் பாகங்களோடு புது பாடி சேர்த்துக் கட்டித் தருவார்கள். வேலை நேர்த்தியாகவே இருக்கும். ஆனால் எங்கேயோ நொறுங்கிப்போன ஜீப்பின் ஆர்சியைக் கொண்டுவந்து, கட்டிய வண்டிக்குப் பொருத்திக் கொடுக்கிற ஆட்கள் எந்த ஊரிலும் உண்டு. நீங்களும் கட்டிய ஜீப்பைத்தான் வாங்கினீர்கள் என்றால், விளம்பரம் கொடுக்கும் முன் சேசிஸில் பொறித்த எண்ணைச் சுத்தமாகத் துடைத்துப் படித்துப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் விற்காதீர்கள், முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய டயர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், கூடுதல் விளக்குகளுக்குச் செலவழித்த பணம் அப்படியே திரும்பி வராது. அதெல்லாம் உங்கள் ரசனை, வாங்குபவர் வேறு மாதிரி யோசிப்பார். விலையை நிற்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத டிங்கரிங் (தகடு) வேலைதான். விவரம் தெரிந்தவர் காந்தத்தோடு வருவார். பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி கனமாகப் போட்ட இடத்தில் காந்தம் ஒட்டாமல் வழுக்கி விழும். பெயின்ட் அடிக்கும் முன் வெறும் தகடாக இருந்தபோது எடுத்த போட்டோக்கள் இருந்தால் அவரிடம் காட்டுங்கள். பட்டி போட்ட இடத்தையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

கழற்றிய பழைய பாகங்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சமீபத்தில் ஒருவர் சிஜே 3பி ஜீப்பை விற்றார். கொச்சியிலிருந்து வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு யோசித்துக்கொண்டே நின்றார். உரிமையாளர் உள்ளே போய் ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தார். பழைய ஸ்டீயரிங், மீட்டர், ஹெட்லைட் வளையங்கள், எல்லாம் கிரீஸ் தடவிச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தது. வந்தவர் அந்த ஸ்டீயரிங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் படிவம் 30-ஐக் கேட்டு வாங்கி, தன் பெயரைத் தானே எழுத ஆரம்பித்தார்.