பலகாரம் சுடும் நாளில் கை சுடாமல் இருக்க

காரைக்குடிப் பக்கம் அறுவை மருத்துவம் பார்ப்பவன் நான். அன்றாடச் சமையலில் சுட்டுக்கொண்டு வருகிறவர்களின் புண் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். கல்யாணத்துக்கோ பொங்கலுக்கோ பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, பலகாரம் சுட உட்காரும் நாள்களில்தான் பெரிய புண்கள் வருகின்றன.

அன்றைக்கு அடுப்பு மேடையை விட்டுத் தரைக்கு இறங்கிவிடும். மேடையில் இருந்தால் எட்டாத எண்ணெய், தரையில் வைத்தால் மூன்று வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே கொதிக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவே ஒரு ஆளை வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார வையுங்கள். கல்யாண வீட்டில் அதற்கா ஆள் கிடைக்காது? இருப்புச்சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். சட்டியை இறக்க ஈரமான கரித்துணியை எடுக்காதீர்கள். துணியில் உள்ள நீர் ஆவியாகிக் கையை வேகவைத்துவிடும். கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டு நிலைப்படிகளைத் தாண்டுவதும் வேண்டாம்.

பலகாரம் பொரிக்கும் எண்ணெய் சுமார் 180 டிகிரி சூட்டில் இருக்கும். நீர் 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். சீடைக்குள் ஈரம் அடைபட்டால் வெடிப்பதும், மேல்மாவு சரியாக மூடாத சீயத்தின் பூரணம் எண்ணெயில் சிதறுவதும் இதனால்தான். சட்டியில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை முகத்துக்கு வீசும். அடுப்பை அணைத்து, ஒரு தாம்பாளத்தால் சட்டியை மூடிவிடுங்கள். ஆறும்வரை திறக்கவோ நகர்த்தவோ வேண்டாம்.

பூட்டிக் கிடந்த வீட்டில் கேஸ் குழாயை எலி கடித்திருக்கலாம், ரப்பர் விறைத்து வெடித்திருக்கலாம். பற்ற வைக்கும் முன் குழாயிலும் ரெகுலேட்டர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கசிந்தால் குமிழி வரும். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படியும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், அணைப்பதற்காகக்கூட வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழையுங்கள்.

சரி, சுட்டுவிட்டது. அப்புறம்?

பேத்தியின் புறங்கை முழுக்கத் தோசைமாவைப் பூசிக் கூட்டி வந்தார் ஒரு ஆச்சி. "குளுகுளுன்னு இருக்குமேன்னு போட்டேன் தம்பி" என்றார். மாவு காய்ந்து, வெந்த தோலோடு ஒட்டிப்போயிருந்தது. நனைத்து நனைத்து எடுத்த பிறகுதான் புண்ணின் ஆழமே எனக்குத் தெரிந்தது. சுட்டபோது அழுததைவிட அதற்குத்தான் அந்தப் பிள்ளை அதிகம் அழுதிருக்கும். பேஸ்ட், இங்க், காபித்தூள் எல்லாம் இந்தக் கதைதான். சூட்டை உள்ளே அடைத்துவிடும், கிருமியையும் சேர்த்துக்கொள்ளும்.

வேண்டியது குழாய்த் தண்ணீர். 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் கையை எடுத்துவிடுகிறார்கள்; தோலுக்கு அடியில் சூடு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். குழாய் இல்லையா, சொம்பால் ஊற்றிக்கொண்டே இருங்கள். உடனே செய்யவில்லை என்றாலும், சுட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வைக்காதீர்கள், ரத்த ஓட்டத்தைக் குறைத்துப் புண்ணை ஆழமாக்கிவிடும். குழந்தையாக இருந்தால் சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள். அதிரசப் பாகு பட்டிருந்தாலும் இதேதான்; பிய்த்து எடுக்கப் பார்க்க வேண்டாம். தண்ணீர் ஓடும்போதே மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். விரல் வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், தங்கமே என்றாலும்.

கொப்புளத்தை உடைக்காமல், துவைத்த பருத்தித் துணியைத் தளர்வாகப் போட்டுக் கிளம்புங்கள். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டாலோ, புண் அடிபட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ மருத்துவமனைதான். குழந்தைக்கோ வயதானவருக்கோ பட்டால் அளவு பார்க்கவே வேண்டாம். "வலியே இல்லை டாக்டர், லேசான புண்தான்" என்று நாலு நாள் கழித்து வருகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். வெளுத்துப்போய், தொட்டாலும் உறைக்காத புண்ணில் நரம்பு முனைகளே வெந்துபோயிருக்கும். அதற்கு அன்றைக்கே வர வேண்டும்; வண்டி இல்லையென்றால் 108.