மின்புலத்துக்கு எந்தப் பக்கம் பிளஸ்?

கணினிக் கணக்கீட்டில் மின்புலம் கொடுத்தால் வேதிவினையின் கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) குறைகிறது என்று வரைபடத்தோடு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: புலம் எந்த அணுவிலிருந்து எந்த அணுவை நோக்கி இருக்கிறது? பெரும்பாலும் 'பிளஸ் இசட்', அதாவது இசட் அச்சின் நேர் திசை, என்றுதான் சொல்வார்கள். அது போதாது. பிளஸ் எந்தப் பக்கம் என்பதை நீங்கள் ஓட்டும் மென்பொருள் முடிவு செய்கிறது.

இயற்பியலில் குழப்பம் கிடையாது. மின்புலம் நேர் மின்னூட்டத்திலிருந்து எதிர் மின்னூட்டத்தை நோக்கிப் போகும், இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறில் மின்னூட்டம் இரு முனைகளாகப் பிரிந்திருப்பதன் அளவும் திசையும்) எதிர் முனையிலிருந்து நேர் முனைக்கு, இரண்டும் ஒரே திசையில் இருந்தால் ஆற்றல் இறங்கும். வேதியியல் வகுப்பில் வாலில் குறுக்குக்கோடு போட்டு வரைகிறோமே, அந்த அம்பு இதற்கு நேர் எதிர். அது எலக்ட்ரான் சாயும் பக்கத்தைக் காட்டுவது.

காஸியன் என்ற குவாண்டம் வேதியியல் மென்பொருளில் இந்த முரண் ஒரே கோப்புக்குள்ளேயே இருக்கிறது. வெளியீட்டில் அச்சாகும் இருமுனைத் திருப்புத்திறன் இயற்பியல் மரபில் வரும், ஆனால் உள்ளீட்டில் நாம் தரும் புலத்தின் குறி இயற்பியல் மரபுக்கு எதிரானது. 'ஃபீல்டு=இசட்+10' என்று எழுதினால் 0.001 அணு அலகு, அதாவது ஆங்ஸ்ட்ராமுக்கு சுமார் 0.051 வோல்ட் புலம் கிடைக்கும், இயற்பியல் கணக்கில் அது மைனஸ் இசட் பக்கம் பார்த்திருக்கும்.

இதை யாரையும் நம்பி ஏற்க வேண்டாம், சில நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். ஹைட்ரஜன் ஃபுளோரைடை எடுத்து ஃபுளோரினைக் கீழே, ஹைட்ரஜனை மேலே, இசட் அச்சில் வையுங்கள். திருப்புத்திறன் சுமார் 1.8 டிபை (அதை அளக்கும் அலகு), மேல் நோக்கி. புலமில்லாமல் ஒரு தடவை, பிளஸ் 10 கொடுத்து ஒரு தடவை ஓட்டுங்கள். மோலுக்கு ஏறக்குறைய 0.45 கிலோ கலோரி வித்தியாசம் வரும். ஆற்றல் இறங்கினால் உங்கள் மென்பொருள் இயற்பியல் மரபில் இருக்கிறது, ஏறினால் எதிர் மரபில். அப்புறம் மறக்காமல் சமச்சீர்மையை அணைத்து ஓட்டுங்கள், இல்லையென்றால் நிரல் மூலக்கூறைத் திருப்பி வைத்துவிட, அச்சாகும் இசட் நீங்கள் நினைத்த இசட்டாக இருக்காது.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2016-இல் வெளியான ஆய்வில், ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கியின் முனையில் டீல்ஸ்-ஆல்டர் வினையை (இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து வளையம் உருவாகும் வினை) நடத்தியபோது, புலம் ஒரு திசையில் இருந்தால் மட்டுமே வினை சுமார் ஐந்து மடங்கு கூடுதலாக நடந்தது. திசைதான் அங்கே கண்டுபிடிப்பே. குறியைத் தலைகீழாகப் படித்துவிட்டால், மூலக்கூறில் எந்தப் பக்கம் பதிலியை (ஹைட்ரஜனுக்குப் பதிலாக இணைக்கும் அணுத்தொகுதி) வைப்பது என்று சோதனைக்கூடத்துக்கு நாம் சொல்லும் யோசனையும் தலைகீழாகிவிடும். அதனால் கட்டுரையில் 'பிளஸ்' என்று மட்டும் விடாமல், அணுக்களின் பெயரைச் சொல்லி, அம்புக்குறி போட்ட ஒரு படமும் வையுங்கள்.

மரபு சரியாக இருந்தும் குறி தப்பாக வருவதுண்டு. கார்பன் மோனாக்சைடில் எதிர் முனை கார்பன்தான், அளவு சுமார் 0.11 டிபை, ஆனால் ஹார்ட்ரீ-ஃபாக் என்ற எளிய கணக்கீட்டு முறை எதிர் முனையை ஆக்சிஜன் பக்கம் காட்டும். அது எலக்ட்ரான் ஒட்டுறவை (எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து நகர்வதை) விட்டுவிடும் முறையின் குறை, மரபைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. அயனி என்றால் இன்னொரு சிக்கல்: ஆதிப்புள்ளியை நகர்த்தினாலே திருப்புத்திறன் மாறிவிடும், எனவே எந்தப் புள்ளியை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று எழுதாத எண்ணை இன்னொரு கட்டுரையின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.