யூரிக் ஆசிட் கூடினால் கவுட்டா?

‘முழங்கால் வலிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். யூரிக் ஆசிட் 7.4. பருப்பை அடியோடு நிறுத்திவிட்டேன், வலி மட்டும் போகவில்லை’ என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

போகாதுதான். 50 வயதைத் தாண்டியவருக்குப் படி ஏறும்போது வலித்து, உட்கார்ந்தால் தணிந்து, காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிட்டால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு, தேவைக்கு வலிநிவாரணி. யூரிக் ஆசிட் படிகங்கள் மூட்டில் படிந்து வரும் வீக்கம்தான் கவுட். யூரிக் ஆசிட் கூடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வருவதே இல்லை. எல்லா மூட்டு வலிக்கும் இந்தப் பரிசோதனையை எழுதித் தரும் வழக்கம் ஒழிய வேண்டும்.

கவுட் வரும் விதமே வேறு. நள்ளிரவில் கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கும். போர்வை பட்டாலே உயிர் போகும். ஏன் அந்த மூட்டு? 37 டிகிரி வெப்பத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம் யூரேட்தான் (ரத்தத்தில் யூரிக் ஆசிட் இருக்கும் உப்பு வடிவம்) கரைந்து நிற்கும். குளிரக் குளிர அதுவும் குறையும். கால்விரல் நெஞ்சையும் வயிற்றையும் விடக் குளிர்ந்த இடம். பாகு ஆறும்போது நூலைப் பற்றிக் கற்கண்டு வளர்வதுபோல, குருத்தெலும்பின் மேல் யூரேட் ஊசி ஊசியாகப் படிகிறது. தேய்ந்த மூட்டில் இது இன்னும் எளிது.

படிகங்கள் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கலாம். ஒருநாள் சில ஊசிகள் உதிர்ந்து மூட்டு நீரில் கலக்கின்றன. அங்கே காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அவற்றை விழுங்குகின்றன. ஆனால் ஊசி செரிப்பதில்லை. செல்லுக்குள் இன்ஃப்ளமசோம் என்ற புரதத் தொகுப்பு கூடி, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அபாயச் செய்தியை வெளியே அனுப்புகிறது. உடனே நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. சிவப்பும் சூடும் வலியும் நம் சொந்தப் படை கிளப்புவதுதான்!

1961இல் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இந்த ஊசிகளைத் தளவிளைவு ஒளி (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) நுண்ணோக்கியில் அடையாளம் கண்டார்கள். இன்றும் மூட்டு நீரை எடுத்து அப்படிப் பார்ப்பதே உறுதியான சோதனை. மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இந்த வசதிக்கு அரசு பணம் ஒதுக்கலாம். காய்ச்சலோடு ஒற்றை மூட்டு வீங்கினால் சீழ் பிடித்திருக்கக்கூடும், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்று, கவுட் வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் அளவு சரியாக இருப்பதாகக்கூடக் காட்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

அடிக்கடி கவுட் வருபவர்களுக்கு, யூரிக் ஆசிட் உற்பத்தியைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை கொடுத்து அளவை 6க்குக் கீழே வைத்தால் படிகங்கள் மெல்லக் கரைந்துவிடும். பீரையும் ஈரலையும் குறைப்பது நல்லது. வாசகர் பருப்பைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

அப்புறம், கவுட் வலி கிளம்பும்போது தரும் மருந்தான கொல்சிசின். நியூட்ரோஃபில் நகர்வதற்குத் தேவையான நுண்குழாய்களை அது கட்டவிடாது. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதேதான். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்கள். அதற்காகக் கிழங்கை அரைத்துக் குடித்துவிடாதீர்கள். மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.