இரவில் கண் கூசுகிறதா? முதலில் சைடு மிரரை வெளியே திருப்புங்கள்

ஏற்கெனவே கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இரவுப் பயிற்சி கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. லைசென்ஸ் வாங்கி, பகலில் நன்றாகவே ஓட்டிக்கொண்டு, இருட்டினால் மட்டும் சாவியைத் தொடப் பயப்படுகிறவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். அவர்கள் சொல்லும் முதல் குறை அநேகமாக ஒன்றாகவே இருக்கும்: பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் சைடு மிரரில் பட்டு நேராகக் கண்ணைக் குத்துகிறது. குறை நியாயமானதுதான். ஆனால் அதற்கு அவர்களே செய்துகொண்டு வரும் வைத்தியத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒருவர் மிரரை மடக்கிவிட்டு ஓட்டுகிறார், இன்னொருவர் தரையைப் பார்க்கும்படி சாய்த்து வைத்திருக்கிறார், இந்த வாரம் வந்தவர் இரண்டு மிரரிலும் கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபிலிம் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தக் காரை வெளிச்சம் குறைவான ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். எங்களிடம் வேலை செய்யும் பையன் ஒருவனை, அடர்நிறச் சட்டையோடு, விளக்கில்லாத சைக்கிள் ஒன்றைப் பிடித்தபடி பின்கதவுக்குச் சற்றுப் பின்னால் நிற்க வைத்தேன். “மிரரில் யாராவது தெரிகிறார்களா?” என்று கேட்டேன். நன்றாகப் பார்த்துவிட்டு “யாரும் இல்லை சார்” என்றார். கண்ணாடியை இறக்கித் திரும்பிப் பாருங்கள் என்றேன். நாலடி தூரத்தில் சைக்கிள். அந்தப் பக்க ஃபிலிமை மட்டும் உரித்துவிட்டு மறுபடி மிரரைப் பார்க்கச் சொன்னதும் ஹேண்டில்பாரும் தெரிந்தது, பையனின் முகமும் தெரிந்தது. மனிதர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கறுப்பு ஃபிலிமுக்கு எது ஹெட்லைட், எது சைக்கிள்காரர் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லா ஒளியையும் ஒரே அளவில்தான் குறைக்கும். ஹெட்லைட்டை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் அது ஹெட்லைட்டாகவே தெரியும். விளக்கில்லாமல் ஓரமாக வருகிறவரை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் அவர் இருப்பதே தெரியாமல் போய்விடும். ஒட்டியிருப்பவர்கள் தயவுசெய்து உரித்துவிடுங்கள். ஹேர் டிரையரால் இதமாகச் சூடு காட்டி ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும். பிளேடால் சுரண்டாதீர்கள், மிரர் கீறிப்போகும், அப்புறம் ஒவ்வொரு கீறலும் தனியாக மினுக்கும்.

சரி, கூச்சத்துக்கு என்னதான் வழி? பெரும்பாலானவர்களுக்கு வழி இலவசமாகவே இருக்கிறது. மிரர் வைத்திருக்கும் கோணம்தான் தப்பு.

“சைடு மிரரில் நம் வண்டியின் பக்கவாட்டு கொஞ்சம் தெரிய வேண்டும், பின்னால் வருகிற வண்டியும் தெரிய வேண்டும்.” இந்த எண்ணம்தான் என்னை மிகவும் சலிக்க வைப்பது. முதன்முதலில் ஸ்டியரிங் பிடித்த நாளில் யாரோ சொல்லிக் கொடுத்தது, ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டுவிடுகிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நேர் பின்னால் வருகிற வண்டியைக் காட்டத்தான் உள்ளே ஒரு மிரர் இருக்கிறது, பின்கண்ணாடி முழுவதும் அதில் தெரிகிறது. இரண்டு சைடு மிரரையும் உள்பக்கமாகத் திருப்பி அதே வண்டியைப் பார்த்தால், ஒரே வண்டியை மூன்று இடத்தில் பார்க்கிறீர்கள். பகலில் அதனால் தொந்தரவு தெரியாது. இரவில் அந்த ஒரே வண்டியின் ஹெட்லைட் மூன்று இடத்திலிருந்து கண்ணுக்குள் வருகிறது. இத்தனைக்கும் நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டிய இடமான பக்கத்து லேன் மூன்றிலுமே முழுசாகத் தெரிவதில்லை. கூச்சத்தையும் வாங்கிக்கொண்டு, எந்த மிரரிலும் தெரியாத இடமான பிளைண்ட் ஸ்பாட்டையும் பெரிதாக்கிக்கொள்கிறீர்கள்.

உள்ளே இருக்கும் மிரருக்காவது இரவுக்கென்று ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதன் கண்ணாடி ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் ஆப்பு வடிவில் இருக்கும். நெம்புகோலைத் தட்டினால் ரசம் பூசிய பின்பரப்பின் ஒளி கூரைப்பக்கம் போய்விடும், முன்பரப்பு திருப்பி அனுப்பும் சுமார் 4 சதவீத ஒளி மட்டும் கண்ணுக்கு வரும். சாதாரண சைடு மிரரில் இந்த வசதி கிடையாது, வாங்குகிற ஒளியில் பெரும்பகுதியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். அதனால் அதைத் திருப்பி வைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் பிளாட்ஸர் 1995-இல் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர்கள் அமைப்பின் கட்டுரை ஒன்றில் மிரர்களின் கோணக் கணக்கைப் போட்டு விளக்கினார். சைடு மிரர்களை வழக்கத்தைவிட வெளியே திருப்பினால் பிளைண்ட் ஸ்பாட்டும் சுருங்கும், பின்வண்டியின் வெளிச்சமும் கண்ணில் படாது. இவ்வளவு காலம் ஆகியும் ஏன் எல்லாப் பயிற்சிப் பள்ளிகளிலும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

செய்து பாருங்கள். வண்டி நின்றிருக்கும்போது, சீட்டை வழக்கமான இடத்தில் வைத்த பிறகு. முதலில் உள்மிரரில் பின்கண்ணாடி முழுவதும் தெரியும்படி வையுங்கள். அடுத்து, உங்கள் பக்கக் கதவுக் கண்ணாடியில் தலை தொடுகிற அளவுக்குச் சாய்ந்து, அந்த நிலையில் உங்கள் பக்க மிரரில் காரின் ஓரம் மயிரிழை அளவு மட்டும் தெரியும்வரை வெளியே திருப்புங்கள். அப்புறம் இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே தலையைக் கொண்டுவந்து, மறுபக்க மிரரையும் அதே மாதிரி வையுங்கள். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தால் இரண்டு மிரரிலும் உங்கள் கார் தெரியவே கூடாது. மேலும் கீழுமாகப் பார்த்தால் தொடுவானம் மிரரின் நடுவாக்கில் இருக்கட்டும். கொஞ்சம் திருப்பினாலே போதும், மிரர் எவ்வளவு கோணம் திரும்புகிறதோ அதைப் போல இரண்டு மடங்கு பார்வை திரும்பிவிடும்.

சரியாக வைத்தோமா என்று பார்க்க, ஓரமாக நிறுத்திவிட்டுக் கடந்து போகிற வண்டிகளைக் கவனியுங்கள். ஒரு வண்டி உள்மிரரைவிட்டு விலகும்போதே சைடு மிரரில் வந்திருக்க வேண்டும், சைடு மிரரைவிட்டுப் போகும்போது கடைக்கண்ணில் தென்பட வேண்டும். நடுவில் எங்காவது வண்டி காணாமல் போனால் மிரரை இன்னும் கொஞ்சம் சரிசெய்ய வேண்டும்.

“என் கார் தெரியாமல் எப்படி சார் இடைவெளி மதிப்பிடுவது?” என்று எல்லோரும் கேட்பார்கள். உங்கள் கார் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் தெரியாது. பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது காரின் ஓரம் தெரிய வேண்டுமென்றால் தலையை அந்தப் பக்கம் சாய்த்தால் போதும், உடனே தெரியும். இரண்டு மூன்று நாள் வெறுமையாகத் தோன்றும், தாங்கிக்கொள்ளுங்கள். லேன் மாறும்முன் ஒருமுறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பதை மட்டும் எந்த மிரரை நம்பியும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. பின்கண்ணாடியே இல்லாத வேன், கூரை வரை சாமான் அடைத்த கார், டிரெய்லர் இழுக்கிற வண்டி, இவற்றுக்கு இந்த முறை சரிப்படாது. உள்மிரர் பயன்படாதபோது பின்னால் பார்க்க சைடு மிரர்தான் கதி.

இப்படி வைத்த பிறகும், பக்கத்து லேனில் ஹை பீம் போட்டு வருகிற வண்டியின் வெளிச்சம் சில நொடி விழத்தான் செய்யும். அது விழ வேண்டும், அங்கே ஒரு வண்டி இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்வதே அதுதான். அதை உற்றுப் பார்க்காதீர்கள், தலையைச் சற்று முன்னே நகர்த்தினால் ஒளி கண்ணைவிட்டு விலகும், முடிந்தால் வேகத்தைக் குறைத்து அவரை முன்னே விடுங்கள். பழிக்குப் பழியாக மிரரைத் திருப்பி அவர் கண்ணில் அடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். கண் கூசியவர் தெளிவதற்குள் எத்தனை மீட்டர் போவார் என்று நினைத்துப் பாருங்கள்.

கண்ணாடியைத் துடைப்பதைப் பற்றி நான் சொன்னால் யாரும் மதிப்பதில்லை, ஆனாலும் சொல்கிறேன். மிரரின் ஒளி கதவுக் கண்ணாடி வழியாகத்தான் உங்கள் கண்ணுக்கு வருகிறது. மிரரை மட்டும் பளபளவென்று துடைத்துவிட்டு, கதவுக் கண்ணாடியின் உள்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கையும் விரல் ரேகைகளையும் விட்டுவைத்தால், ஒவ்வொரு ஹெட்லைட்டும் அதில் தீற்றலாகப் பரவும். ஈர மைக்ரோஃபைபர் துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். உலர்ந்த தூசியை அப்படியே தேய்க்காதீர்கள். டேஷ்போர்டு வெளிச்சத்தையும் குறைத்துவையுங்கள்.

தானாக மங்கும் மிரர் உள்ள கார் வைத்திருப்பவர்களில் சிலர், “அது வேலை செய்யவில்லை” என்பார்கள். பல கார்களில் வெளிமிரருக்கு மங்கச் சொல்லி உத்தரவு கொடுப்பதே உள்மிரரில் இருக்கும் சென்சார்தான். அதற்கு முன்னால் பின்கண்ணாடித் திரையையோ சாமானையோ அடைத்துவைத்தால் அது எப்படி மங்கும்? முதலில் அதை விலக்கிப் பாருங்கள்.

மஞ்சள் மூக்குக்கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று விற்கிறார்களே, அதையும் நம்பாதீர்கள். 2019-இல் ஜாமா ஆப்தல்மாலஜி என்ற கண் மருத்துவ இதழில் வெளியான சிமுலேட்டர் ஆய்வில், எதிர்வரும் ஹெட்லைட் கூச்சத்துக்கு நடுவே பாதசாரியைக் கண்டுகொள்வதற்கு அந்தக் கண்ணாடிகள் உதவவில்லை என்றே தெரிந்தது. மிரரைச் சரியாக வைத்தும், எல்லாவற்றையும் துடைத்தும், விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது, முன்பு இல்லாத கூச்சம் புதிதாக வந்திருக்கிறது என்றால் கண் மருத்துவரிடம் போங்கள். கண்புரை ஆரம்பிக்கும்போது இப்படித் தெரியத் தொடங்கலாம். வயதில் பெரியவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கடைசியாக, நம் ஹெட்லைட்டும் முன்னால் போகிறவரின் மிரரில்தான் விழுகிறது. ஒரு வண்டியின் பின்னால் போகும்போது லோ பீமுக்கு மாறுங்கள். ஹாலஜனுக்கென்று செய்த விளக்குக்குள் மலிவான எல்இடி பல்பைச் செருகினால் ஒளி ஒழுங்காகக் குவியாமல் நாலாபக்கமும் சிதறும், அதைச் செய்யாதீர்கள். பல கார்களில் டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சின்ன சக்கரம் இருக்கும், அது எதற்கென்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பின்சீட்டில் ஆட்களும் டிக்கியில் சுமையும் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், லோ பீம்கூட முன்வண்டியின் மிரருக்கு ஏறிவிடும். அப்போது அந்தச் சக்கரத்தைப் பெரிய எண்ணுக்குத் திருப்பி ஒளியைத் தாழ்த்த வேண்டும், சுமையை இறக்கியதும் மறக்காமல் 0-வுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.