சறுக்கில் எப்படி ஏறுவது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் புதிதாக எழும்புகிற திருமண மண்டபங்களில் வாசலுக்கு ஓரமாக ஒரு பலகை இருக்கிறது. நீலத்தில் சக்கர நாற்காலிப் படம், அடியில் ‘சறுக்குப் பாதை’. வாசலில் நிற்கிற காவலாளி வாயிலும் அதுதான் வருகிறது: “ஆச்சி, தம்பியைச் சறுக்கு வழியா ஏத்திக்கிட்டு வாங்க.” சறுக்கு வழியாக ஏற்றுவதாம். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று பேசுகிற ஊரில், ஏறுகிற வழிக்கு யார் இந்தப் பெயரை வைத்தார்களோ!

படிக்குப் பதில் சாய்வாகப் போடுகிற இந்த வழிக்கு ஆங்கிலத்தில் ‘ரேம்ப்’. பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பழைய பிரெஞ்சில் அதன் வினைக்குப் பற்றி ஏறுவது என்று பொருள். பிறகு ஊர்ந்து போவது என்று ஆயிற்று. சொற்பிறப்பு இவ்வளவு போதும். வழுக்குவது அதில் எங்கேயும் இல்லை.

தமிழில் சறுக்கு என்றால் கால் பிடிப்பு இழப்பது. ஆனைக்கும் அடி சறுக்கும். பூங்காவில் பிள்ளைகள் ஏணியில் ஏறி, சறுக்குமரத்தில் இறங்குவார்கள். ஏற ஏணி, இறங்கச் சறுக்கு என்ற இந்த வேறுபாடு மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது, மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை. அகராதியில் இரண்டு மூன்று பொருள் இருந்தால் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிடுகிறார். அந்தச் சொல்லின் மேல் நாளைக்கு ஒரு வண்டி ஏறப்போகிறது என்ற நினைப்பே இல்லை.

சொல்தானே, பொருள் புரிந்தால் சரி என்பார்கள். கொத்தனாரிடம் ‘ஒரு சறுக்கு போட்டுக் கொடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். படிகளுக்கு நடுவே ஒன்பது அங்குல அகலத்தில் சிமென்ட்டை இழுத்து, இருசக்கர வண்டி ஏற்றுவதற்குப் போடுவாரே, அதைப் போட்டுக் கொடுப்பார். கொஞ்சம் தாராளமானவர் என்றால் அகலத்தைக் கூட்டி, மண்டபத்தில் மிச்சமான பளபளப்புக் கிரானைட்டை மேலே ஒட்டுவார். இன்னும் ஆசைப்பட்டால் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடியின் மேல் வார்த்து எடுக்கிறார்கள். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவில் பதித்தால் அழகு. சாய்வில் பதித்து, மழைத் தூறலும் விழுந்தால், பலகையில் எழுதியது எழுத்துப் பிசகாமல் நடக்கும்.

சிலர் ‘சரிவுப் பாதை’ என்கிறார்கள். சறுக்கைவிடத் தேவலை. ஆனால் சரிவுக்கும் ஒரே திசைதான். நிலம் சரியும், விலை சரியும், அடுக்கி வைத்த மூட்டை சரியும். எதுவும் மேல்நோக்கிச் சரிந்ததில்லை. ‘மாற்றுத்திறனாளி பாதை’ என்றும் ஒன்று உலவுகிறது. அது ஆளின் பெயர், அமைப்பின் பெயர் ஆகாது. அந்த வழியில் முழங்கால் தேய்ந்த ஆயாவும் ஏறுவார், சமையற்காரரின் அண்டாவும் ஏறும், சீர்ச்சாமான் வண்டியும் ஏறும். உண்மையில் பல மண்டபங்களில் அண்டா மட்டும்தான் ஏறுகிறது, மற்ற நேரம் அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிவைத்திருப்பார்கள். ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றி மாற்றுத்திறனாளி என்று ஆளுக்குப் பெயர் சூட்ட எத்தனை மேடை போட்டோம்! அவர் மேடைக்கு ஏறும் வழிக்கு ஒரு சரியான பெயர் வைக்க யாரும் கூடிப் பேசவில்லை. பொதுக் கட்டடங்களிலும் மருத்துவமனைகளிலும் இப்படி ஒரு வழி வேண்டும் என்று 1995 ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. 2016இல் புதுச் சட்டமும் வந்தாயிற்று.

பெயர் புதிதாகத் தேட வேண்டியதில்லை. பள்ளி இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது: சாய்தளம். நெம்புகோல், கப்பி வரிசையில் வருகிற தனி எந்திரம். தூரத்தைக் கூட்டு, விசை குறையும் என்பதுதான் அதன் தத்துவம். நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு வேண்டியதும் அதுவே. வீட்டில் தள்ளுகிறவர் யார்? பெரும்பாலும் கூடப் பிறந்ததுதான். அப்பச்சி வெளியூரில், ஆத்தா அடுப்படியில், எட்டாம் வகுப்பு படிக்கிற அக்காளோ தங்கச்சியோ கைப்பிடியைப் பிடித்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். மடக்கு நாற்காலி 15 கிலோ, உட்கார்ந்திருக்கும் தம்பி 50 கிலோ, ஆக 65. ஆறு அங்குலப் படி மூன்று என்றால் உயரம் ஒன்றரை அடி. ஆறடி நீளத்தில் ஏற்றினால், உராய்வை விட்டுவிட்டாலும் ஏறக்குறைய 16 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ள வேண்டும். நடுவில் மூச்சு வாங்க நின்றால் அந்த 16 கிலோவும் தள்ளுகிற பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே பின்னோக்கி வரும். அதே உயரத்தைப் பதினெட்டு அடி நீளத்தில் ஏற்றினால் ஐந்தரை கிலோதான். அரசு வழிகாட்டுதலில் உள்ள 1:12 என்ற விகிதம் இதுதான்: உயரம் ஒரு அங்குலம், நீளம் ஒரு அடி. இறங்கும்போது, சாய்வு அதிகமாக இருந்தால், நாற்காலியைத் திருப்பி, தள்ளுகிறவர் கீழ்ப்பக்கம் நின்று, பின்னால் பார்த்துப் பார்த்து இறக்க வேண்டும். முன்பக்கமாக விட்டால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். அதற்கு வேண்டுமானால் சறுக்கு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். சாய்தளம் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. சாய்ந்த, சாய்கின்ற, சாயும் தளம். நடுவே ஒற்று மிகாது. ‘சாய்த்தளம்’ என்று எழுதுவது பிழை. ‘சாய்வுத் தளம்’ என்று பிரித்தால் ஒற்று வேண்டும். பெயிண்டர்கள் இதை நேர் எதிராக எழுதுவதில் வல்லவர்கள். தளம் என்றால் மாடி அல்லவா, மாடி சாய்ந்துவிட்டதா என்று கேட்கிற பெரியவர்களும் உண்டு. தளம் போடுவது, தளம் தேய்ப்பது எல்லாம் நம் வீட்டுப் பேச்சுதான், பழகிவிடும். ‘சாய்வுப் பாதை’ என்றாலும் எனக்குச் சண்டையில்லை. ‘ரேம்ப்பு’ என்று சொல்கிற கிழவியோடும் சண்டையில்லை. அது யாரையும் தவறாக வழிநடத்தவில்லை.

செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். பேஸ்மட்டம் உயரமான வீடு. தெருவிலிருந்து ஐந்து படி என்றால் முப்பது அங்குலம், அதற்கு முப்பது அடிச் சாய்தளம். தெருவில் அவ்வளவு இடம் ஏது? சுவரோரமாகப் பதினைந்து அடி ஏற்றி, ஐந்தடிக்கு மட்டமான இடம் விட்டு, திருப்பி இன்னொரு பதினைந்து அடி போட வேண்டும். நாலடி அகலம், இரு பக்கமும் கைப்பிடி, சக்கரம் ஓரம் விழாதபடி மூன்று அங்குல விளிம்பு. முகப்பை இடிக்கப் பங்காளிகள் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதித்தாலும் இடிக்கக் கூடாது. பின்தெரு வாசலில் படி குறைவாக இருந்தால் அங்கே போடுவது நல்லது. உள்ளே போனால் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலை, நிலைக்குக் கீழே மூன்று நாலு அங்குலத்தில் ஒரு வாசப்படி. அதற்குச் சாய்தளம் என்பது பெரிய பேச்சு. மரத்தில் ஆப்பு மாதிரி செய்து இரு பக்கமும் வைத்து, முன்னோருக்குப் படைக்கிற படைப்பு, கல்யாணம் என்றால் எடுத்து ஓரமாகச் சாத்துகிற அதைச் ‘சாய்வுப்பலகை’ என்னலாம்.

பாதி இடங்களில் கெடுவது அடிமுனையில்தான். தளம் தரையைத் தொடுகிற இடத்தில் அரை அங்குலம் தூக்கி நிற்கும். பெரிய சக்கரம் தாண்டிவிடும். முன்னால் இருக்கிற சின்னச் சக்கரம் அதில் முட்டி நிற்கும், தள்ளுகிற வேகத்தில் நாற்காலி கவிழும். சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே முனையைத் தரையோடு இழைத்து, மேலே துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட வேண்டும். கோடு நீளவாக்கில் போனால் பிடிப்பு இராது.

கொத்தனாரிடம் பேசும்போது சாய்தளத்தையும் விட்டுவிடலாம். தண்ணீர் ஓட விடுகிற சாய்வுக்கு அவரிடம் ‘வாட்டம்’ என்ற சொல் இருக்கிறது. குளியலறைக்கு அடிக்குக் கால் இஞ்சு வாட்டம் கொடுத்துப் பழகிய கை அது. “அடிக்கு ஒரு இஞ்சு வாட்டம், அதுக்கு மேல கூடாது” என்று சொல்லிவிட்டு, அவர் தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடிக்கும்போது கூட நில்லுங்கள்.