ஊரில் மதச் சர்ச்சை வந்தால் எழுதத் தடை இருக்கிறதா?

ஏர்வாடி தர்கா, ஓரியூர் அருளானந்தர் திருத்தலம், தேவிபட்டினம் நவபாஷாணம், ராமேஸ்வரம் கோயில் என்று எல்லா மதத்தவரும் தேடி வரும் தலங்கள் ராமநாதபுரம் கடற்கரை நெடுகிலும் இருக்கின்றன. ஒருவர் திருவிழா இன்னொருவர் கடைத்தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். ஊர்வலப் பாதை, ஒலிபெருக்கி, புறம்போக்கு நிலத்தில் நட்ட கொடிக்கம்பம் என்று உரசல் வரத்தான் செய்யும். ஆனால் மறுநாள் நாளிதழில் 'இரு தரப்பினரிடையே தகராறு. போலீஸ் குவிப்பு' என்ற இரண்டு வரிக்கு மேல் கிடைப்பது அரிது. எதைப் பற்றிய தகராறு, அதிகாரி என்ன முடிவெடுத்தார், எந்த விதியின்படி எடுத்தார் என்பதெல்லாம் ஊர் மக்களுக்கே தெரியாமல் போகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோர ஊரின் ஊர்வலப் பாதைத் தகராறைப் பற்றி இரு தரப்பையும் கேட்டு, வட்டாட்சியர் அலுவலகத்திலும் விசாரித்து எழுதி அனுப்பினேன். அச்சில் வரவில்லை. "மத விவகாரம், சட்டச் சிக்கல் வரும்" என்றார்கள். எந்தச் சட்டம் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. அன்று கிடைக்காத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் பேச்சுரிமை தருகிறது. பத்திரிகைச் சுதந்திரமும் அதற்குள் அடக்கம். அந்த உரிமைக்கு அரசு எந்தெந்தக் காரணங்களுக்காக வரம்பு விதிக்கலாம் என்று 19(2) பிரிவு எட்டுக் காரணங்களைச் சொல்கிறது. அவற்றில் 'பொது ஒழுங்கு' உண்டு, அவதூறு உண்டு, குற்றம் செய்யத் தூண்டுதல் உண்டு. 'யாராவது மனம் புண்படுவது' என்று தனியாக ஒரு காரணம் அதில் இல்லை. பொது ஒழுங்கு என்ற சொல் வந்ததிலும் நம் மாகாணத்துக்குப் பங்கு உண்டு. வெளியூர் வார இதழ் ஒன்று மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று சென்னை அரசு போட்ட தடையை 1950இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு வந்த முதல் சாசனத் திருத்தம் பொது ஒழுங்கைச் சேர்த்தது. கூடவே, வரம்பு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் சேர்த்தது.

எல்லோரும் அஞ்சுவது, மத உணர்வைப் புண்படுத்துவதைத் தண்டிக்கும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295அ பிரிவுக்குத்தான். 1927இல் கொண்டுவரப்பட்ட அது, 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்று ஆண்டுகள் வரை சிறை. ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். ஆனால் பிரிவின் வாசகத்தைப் படியுங்கள். 'வேண்டுமென்றே', 'தீய நோக்கத்துடன்' என்ற இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இந்தப் பிரிவு செல்லும் என்று 1957இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, தெரியாமலோ கவனக்குறைவாகவோ தீய நோக்கமின்றியோ சொன்ன சொல் இதற்குள் வராது என்று விளக்கிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறவருக்குத் தீய நோக்கம் எங்கிருந்து வரும்?

அதே சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு வேறு வகை. மதம், சாதி, மொழியின் பெயரால் இரு பிரிவினரிடையே பகை வளர்ப்பதை அது தண்டிக்கிறது. 'அவர்கள் கடையில் வாங்காதே, அவர்களை ஊருக்குள் விடாதே' என்று எழுதினால் அது பாய வேண்டும். பாய்வதில் எனக்கு மறுப்பே இல்லை. வதந்தியைத் தண்டிக்கும் 353ஆம் பிரிவிலோ ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, கெட்ட எண்ணம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு வெளியிட்டால் குற்றமில்லை. ஆகவே யாரைக் கேட்டீர்கள், எந்தத் தேதியில், எந்த ஆவணத்தைப் பார்த்தீர்கள் என்ற குறிப்பேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

புகார் வந்தால்? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவின்படி, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமானால், காவல் துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தி, வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு கவிதைக்காக மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் மீது பதிவான வழக்கை 2025 மார்ச்சில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பேச்சு, எழுத்து தொடர்பான இத்தகைய புகார்களில் இந்த வழியைப் பின்பற்றுவதே பொருத்தம் என்றது. எதற்கெடுத்தாலும் பதறுகிறவரின் கண்ணால் பார்க்காமல், உறுதியான மனம் உள்ளவரின் கண்ணால் சொற்களை அளக்க வேண்டும் என்றும் சொன்னது. இவற்றுக்கு மேலாக, 196, 299 பிரிவு வழக்குகளை அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க முடியாது (நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 217ஆம் பிரிவு). கைதும் உடனடியாக நடந்துவிட வேண்டியதில்லை. அதன் 35(3) பிரிவின் கீழ் நோட்டீஸ் கொடுத்து அழைக்கலாம்.

இப்போது நம் பக்கத்தில் சட்டத்தைவிட அதிகம் வேலை செய்யும் ஒன்றுக்கு வருகிறேன்: சமாதானக் கூட்டம். கோட்டாட்சியரோ வட்டாட்சியரோ தலைமை ஏற்பார். கோயில் நிர்வாகம், ஜமாத், பங்குப் பேரவை என்று பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தேநீர் வரும், பேச்சு நடக்கும், கடைசியில் ஒரு தாள் வரும். பல சண்டைகள் அந்த மேசையிலேயே முடிந்திருப்பதால் அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே மேசையில் 'இனி இதைப் பற்றி எழுத மாட்டேன், பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்கிறேன்' என்று ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால் அது அவரைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது. நாமக்கல்லில் 2015 ஜனவரியில் மாவட்ட நிர்வாகம் நடத்திய பேச்சுவார்த்தையில் ஒரு நாவலாசிரியரிடம் இப்படித்தான் எழுதி வாங்கினார்கள். அந்த உடன்பாட்டுக்குக் கட்டுப்படுத்தும் தன்மை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் தீர்ப்பளித்தது. இலக்கிய, பண்பாட்டு விஷயங்களில் தீர்ப்புச் சொல்லக் காவல்துறையும் உள்ளூர் அதிகாரிகளும் ஏற்றவர்கள் அல்லர் என்றும் அது குறிப்பிட்டது. 'கலவரம் வரும் என்று மிரட்டுகிறார்கள்' என்பது ஒருவர் வாயை மூடக் காரணமாகாது. ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்பதை ஒரு தமிழ்த் திரைப்பட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது.

கூட்டத்தில் என்ன முடிவானது என்று தெரியவில்லையா? நடவடிக்கைக் குறிப்பின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். கையில் அந்தத் தாள் இருந்தால் வதந்தியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

தடை உத்தரவு (பழைய 144, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163) இருந்தாலும் அது பொதுவாகக் கூட்டம் கூடுவதைத் தடுப்பதற்கானது, மாநில அரசு நீட்டித்தால் தவிர இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்காது. நியாயமான கருத்தை அடக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2020 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

மௌனத்தின் விலையை இந்தக் கடற்கரை ஒரு முறை கொடுத்திருக்கிறது. சேது சமுத்திரக் கப்பல் கால்வாய்த் திட்டம் 2005 ஜூலையில் தொடங்கியது. 2007இல் ராமர் பாலம் குறித்த பிரமாணப் பத்திரத்தை மத்திய அரசு திரும்பப் பெற்றதும், விவாதம் முழுக்க நம்பிக்கை சார்ந்ததாக மாறிப்போனது. கடலை அகழ்ந்தால் மீன்பாடு என்ன ஆகும், வலை விரிக்கும் இடம் என்ன ஆகும், மன்னார் வளைகுடாத் தீவுகளின் பவளப் பாறைக்கு என்ன நேரும் என்று பாம்பனிலும் மண்டபத்திலும் மீனவர்கள் கேட்ட கேள்விகள் அந்த இரைச்சலில் அமுங்கின. மதம் தொட்ட விஷயம் என்று பேனாவை மூடிவைத்தால் முதலில் காணாமல் போவது இத்தகைய கேள்விகள்தான்.

இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறையிலும் மௌனம் கேட்கப்படவில்லை. மதத் தகராறு குறித்த செய்தியை உண்மை சரிபார்த்து, எச்சரிக்கையோடும் நிதானத்தோடும் வெளியிடுங்கள் என்றுதான் இருக்கிறது. ஒரு நாளிதழின் செய்தி பகையைத் தூண்டுகிறது என்று நினைத்தால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். பிறகு, செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள், மன்றத்திடம் புகார் செய்யலாம். மன்றத்தால் கண்டிக்க முடியும், தண்டிக்க முடியாது. பத்திரிகைச் சுதந்திரத்தில் அதிகாரிகள் குறுக்கிட்டால் செய்தியாளரும் அங்கே முறையிடலாம். தொலைக்காட்சி இதன் வரம்பில் வராது. அங்கே முதலில் அந்தந்த ஒளிபரப்பு நிறுவனத்திடம் புகார் கொடுக்க வேண்டும், 15 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

வழக்கே வந்துவிட்டால், அதை ரத்து செய்யக் கோர நம் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. அழைக்க வேண்டிய எண் 15100.